பின்சக்கரத்தில் காற்று இல்லை

தம்பி இறந்த பிறகு அவன் தன் பைக்கில் போகும் முதல் நெடும்பயணம். பின்சீட்டில் மனைவி. நட்டநடு மதியத்தில், ஆளரவமற்ற சாலையில் பின்சக்கரத்தில் காற்று இறங்கியது. ஸ்பேர் டியூபை மாட்டிக் கிளம்பினான். சற்று தூரத்தில் அதுவும் இறங்கியது.

பஞ்சர் ஒட்டும் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு டியூபைத் தடவிப் பார்த்தான். எங்கும் ஓட்டை இல்லை. வால்வைத்தான் யாரோ திருகித் தளர்த்தியிருந்தார்கள்.

“சின்ன வயசுல தம்பி இப்படித்தான். அவனை விட்டுட்டுப் போனா சைக்கிள் காத்தைப் பிடுங்கிடுவான்.”

“பயமா இருக்குங்க. வீட்டுக்கே போயிரலாம்,” என்றாள் மனைவி.

அவன் வால்வை இறுக்கினான். டியூபை மாட்டிக் காற்றடித்தான். வெறும் சாலையைப் பார்த்து, “சரிடா, வந்து ஏறு,” என்றான்.

அதன்பின் காற்று இறங்கவில்லை. சிறிது நேரத்தில் மனைவி அவன் தோளைத் தட்டினாள்.

“கொஞ்சம் முன்னால நகர்ந்து உக்காருங்க,” என்றாள். “எனக்குப் பின்னால இடம் பத்தல.”