பிளேடு ஆறும் வரை

சுண்டுவிரலில் இரண்டு கணு காட்டினான்.

"முடி இவ்வளவு நீளம்."

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஆட்டுக்குங்களா?"

"குதிரைக்கு."

"குதிரைக்கு எதுக்குங்க தம்பி கட்டிங்கு? பொண்ணு கிண்ணு பாக்கப் போறீங்களா அதுக்கு?"

அவன் சிரிக்கவில்லை. கடைக்காரர் ஏணியை இழுத்துப் போட்டார்.

கோயம்புத்தூரில் கால்நடை சாமான் விற்கும் கடை. மாட்டுக் கயிறு, மருந்து டப்பா, தீவன வாடை. காலையில் ஊட்டியில் போட்டுக்கொண்டு இறங்கிய ஸ்வெட்டரை இடுப்பில் கட்டியிருந்தான்.

கண்ணாடி மேசைக்கு இரண்டு மெஷின்கள் வந்தன.

ஒன்று சார்ஜ் போடுவது. கைக்குள் அடங்கியது. நாய்க்கு ஆகும், இந்த முடியில் இரண்டு இழுப்பில் சிக்கி நிற்கும் என்றார் கடைக்காரர்.

இன்னொன்று வயர் மெஷின். கனம். செம்மறியாட்டுக் கம்பளியே உரிந்து வரும் என்றார்.

இதே மெஷின்தான் வீட்டில் இருந்தது. மனைவி இந்தக் கடையில்தான் வாங்கினாள். அன்று அவன் உள்ளே வரவில்லை. வெளியே காரில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எது சூடாகாது?"

"சூடாவாத மெஷின் இல்லீங்க. பிளேடுக்கு எண்ணெய் விடோணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான்.

குதிரையின் பெயர் பிஸ்கட். இருபத்திரண்டு வயது. கோடையிலும் முடி உதிராத நோய். வருடத்துக்கு இரண்டு முறை வெட்டிவிட வேண்டும். மனைவிதான் வெட்டுவாள். ஏரிக்கரையில் சவாரிக்கு ஓடி ஓய்ந்திருந்த அந்தக் குதிரையை வாங்கி வந்தவளும் அவள்தான்.

அந்தச் சனிக்கிழமை இடப்பக்கம் முழுதும் முடித்திருந்தாள். கழுத்தைச் சுற்றி வலப்பக்கத் தோள் வரை வந்திருந்தாள். பிளேடைப் புறங்கையில் வைத்துப் பார்த்தாள். சுட்டது.

"எண்ணெய் எங்க?"

இருந்த பாட்டில் தீர்ந்துவிட்டது என்று வியாழக்கிழமையே சொல்லியிருந்தாள். ஆபீஸ் வேலையாகக் கோயம்புத்தூர் போகும்போது ஒன்று வாங்கி வரச் சொன்னாள்.

அவன் மறந்திருந்தான்.

தேங்காய் எண்ணெய் போதாதா என்று கேட்டான். அவள் பாட்டிலைத் திறந்து அவன் முகத்துக்கு நேரே கவிழ்த்துக் காட்டினாள். குளிரில் கல்லாக உறைந்திருந்தது. ஒரு சொட்டு விழவில்லை. சிரித்தாள்.

மெஷினை வேலித் தூணில் வைத்தாள். ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"கீழ கடையில தையல் மெஷின் எண்ணெயாவது இருக்கும். பிளேடு ஆறட்டும். நீ டீ போட்டு வை. பத்து நிமிஷம்."

திட்டவில்லை.

பனிமூட்டம். மூன்றாவது வளைவு. தேயிலை ஏற்றி வந்த லாரி.

மெஷின் மூன்று நாள் மழையில் தூணிலேயே கிடந்தது.

நாற்பத்தோரு நாள் ஆகிவிட்டது. பிஸ்கட்டின் வலப்பக்கம் பகலில் வியர்த்தது. இரவில் அந்த ஈரத்தோடு குளிர்ந்தது. முடிக்கு அடியில் தோல் வெந்துபோயிருந்தது. மிச்சத்தை வெட்டினால்தான் மருந்து போட முடியும் என்றார் டாக்டர். இந்த வாரத்துக்குள். இல்லையென்றால் குதிரை தாங்காது.

அவனுக்கும் தெரியும். தினமும் பக்கத்தில் போய் நின்றான். தோளில் அந்தக் கோடு. ஒரு பக்கம் குட்டை முடி, மறு பக்கம் அடர்ந்த முடி.

அவள் நிறுத்திய இடம்.

"வயர் மெஷினே குடுங்க."

கடைக்காரர் பெட்டியைப் பிரித்தார். மெஷினை எடுத்து வெளியே வைத்தார். பிறகு அடியிலிருந்த அட்டைத் தட்டை நகத்தால் நெம்பித் தூக்கினார்.

கட்டைவிரல் அளவில் ஒரு பாட்டில்.

"எண்ணெய் கம்பெனிக்காரனே குடுத்தர்றானுங்க. அட்டைக்கு அடியில வெச்சு மூடிருவான். பாதிப் பேருக்கு இது இருக்கறதே தெரியாது. ஊட்டி மேடம் ஒருத்தங்க இதே மெஷின் வாங்கிட்டுப் போனாங்க. குதிரைக்குன்னுதான். அவங்களுக்குச் சொன்னனா இல்லையான்னு நெனப்பே இல்ல."

"சொல்லல போல."

"உங்களுக்குப் பழக்கமுங்களா? நான் கேட்டேன்னு சொல்லுங்க."

"ம்."

மலையேறி வீட்டுக்கு வரும்போது மூன்று மணி.

பழைய பெட்டி லாயத்து அலமாரியில் இருந்தது. பிஸ்கட்டின் சீப்புகளை அவள் அதில்தான் போட்டு வைப்பாள். ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். ஒன்றில் அவளுடைய ரப்பர் பேண்டு மாட்டியிருந்தது.

அட்டைத் தட்டு அப்படியே இருந்தது.

பெட்டியைச் சாய்த்தான்.

அடியில் ஏதோ உருண்டது. ஓரத்தில் முட்டி நின்றது.

தட்டைத் தூக்கவில்லை. சீப்புகளைத் திரும்ப உள்ளே வைத்தான். ரப்பர் பேண்டு மாட்டிய சீப்பைக் கடைசியில் வைத்தான்.

பிஸ்கட்டைக் கட்டினான். பின்தொடையிலிருந்து தொடங்கினான். அவளுக்கு நேராக வரும். அவனுக்குக் கோணலாக வந்தது. முடி பாளம் பாளமாக விழுந்தது. அடியில் தோல் சிவந்து, சில இடங்களில் நீர் கோத்திருந்தது. பிஸ்கட் உடம்பை ஒருமுறை சிலிர்த்தது. பிறகு அசையவில்லை.

இடுப்பு. விலா. வயிறு.

தோளை நெருங்கினான். கோட்டுக்கு இன்னும் ஒரு கையகலம் பாக்கி.

பிளேடைப் புறங்கையில் வைத்துப் பார்த்தான். சுட்டது.

இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்தான்.

மூன்று சொட்டு எண்ணெய் விட்டான். மெஷினை வேலித் தூணில் வைத்தான். அங்கேயே உட்கார்ந்தான்.

பத்து நிமிடம் ஆனது. பிளேடு ஆறியிருந்தது.

அந்தக் கையகல முடி காற்றில் லேசாக அசைந்தது. பிஸ்கட் கேட்டைப் பார்த்தபடி நின்றது.

அவன் எழுந்து டீ போடப் போனான்.