குதிரையின் அடிவயிறு

ஊரே எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

கோபம் ஒன்றும் இல்லை. ஜவ்வாது மலையின் அந்த ஊரில் குதிரைச் சாமியை யாரும் கண்ணால் பார்க்கக் கூடாது. ஏட்டு தசரதன் கோணிப்பையைக் கவிழ்த்துச் சாமியைப் பாறைமேல் வைத்தாரோ இல்லையோ, நாற்பது பேரும் ஒரே நேரத்தில் திரும்பிக்கொண்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், பையிலிருந்து இரண்டு சாமி வந்தது.

இரண்டும் சாண் உயரப் பித்தளைக் குதிரைகள். மேலே வாளோடு ஒரு ஆள். எழுத்தோ முத்திரையோ இரண்டிலும் கிடையாது.

ஒன்று போன மாதம் இந்த ஊர்ச் சாமிப்பெட்டியிலிருந்து திருடு போனது. இன்னொன்று வாணியம்பாடித் தோல் வியாபாரி சனாவுல்லா சாயபு, பதினெட்டு வருஷத்துக்கு முன்பு ஒரு தரகரிடம் வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தது. பழைய பொம்மை என்றால் சாயபுவுக்கு உயிர். அது தெரிந்து, திருடன் தன் சரக்கை விற்க அவரிடமே போனான். தன் குதிரையின் இரட்டைப் பிறவி வாசலில் வந்து நிற்பதைப் பார்த்த சாயபு, திருடனை உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டுப் போலீஸுக்கு ஆள் அனுப்பினார்.

ஏட்டு வழக்குக்கென்று இரண்டையும் ஒரே கோணிப்பையில் போட்டார். சீட்டு ஒட்டவில்லை. குதிரைதானே, அடையாளம் தெரியாமலா போகும் என்று நினைத்தாராம்.

போனது. அதனால் என்னைக் கூட்டிவந்தார்கள். ஆலங்காயத்தில் வரலாறு பி.ஏ. படிப்பவன் நான் ஒருவன்தான். மூன்று பானிப்பட்டுப் போர்களும் எனக்கு அத்துப்படி. அவற்றிலும் குதிரைகள் வரும்.

பட்டறையில் முப்பது வருஷமாகப் பித்தளை வார்க்கும் என் அப்பாவை யாரும் கேட்கவில்லை. அவர் பி.ஏ. இல்லை.

காலையில் விஷயத்தைச் சொன்னதும் அப்பா என் காதைத் திருகி, "போற எடத்துல வாயத் தொறக்காத" என்றார். என் படிப்பின் மேல் அவருக்கு இருக்கும் மதிப்பு அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டே மலை ஏறினேன்.

"நல்லா பாருங்க தம்பி. கண்ணாடிக்கு வெளிய நின்னே பாத்ததுல நம்மளுக்கே வித்தியாசம் தெரியல. அவங்க சாமி அவங்க கைக்குப் போவணும், நம்மளுது நம்ம கைக்கு வரணும்" என்றார் கூடவே வந்திருந்த சாயபு.

நான் இரண்டையும் நகத்தால் தட்டினேன். முகர்ந்தும் பார்த்தேன். இரண்டும் கோணிப்பை வாசம் அடித்தன. மூன்றாம் பானிப்பட்டுப் போரில் இதற்கு மேல் எதுவும் சொல்லித்தரவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் சாமி பெட்டிக்குள் போகாவிட்டால் இந்த வருஷம் சாமை விதைக்க முடியாது. மாறிப்போய் வேறொன்றை உள்ளே வைத்தால், வைத்த பூசாரி ஊரில் இருக்க முடியாது. பூசாரி சடையனின் முதுகு அதை நினைத்தே வியர்த்திருந்தது.

"இன்னாய்யா, உன் சாமி மூஞ்சி உனக்கே தெரியாதா?" என்றார் ஏட்டு.

"பன்னெண்டு வருசமா கண்ணக் கட்டிக்கினுதாங்க புளி போட்டு வெளக்கறேன். பாத்தா கண்ணு பூடும்ங்க." எதிரே இருந்த பலாமரத்தைப் பார்த்துச் சொன்னார் சடையன்.

"ஏட்டய்யாதான் பாத்துட்டாரே. கண்ணு கீதா, போச்சான்னு கேளு" என்றாள் கூட்டத்தில் குப்பம்மா.

நாற்பது முதுகுகளும் குலுங்கின. ஏட்டு தன்னையறியாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

கடைசியில் சடையன் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். ஒரு குதிரையை எடுத்து அவர் கையில் வைத்தேன். கை அதை முகம், வாள், வால் என்று தடவியது. வேண்டாம் என்று திருப்பித் தந்தது.

அடுத்ததைக் கொடுத்தேன். அவருடைய கட்டைவிரல் நேராக அடிவயிற்றுக்குப் போய் நின்றது.

"இதாங்க. எங்கப்பன் செத்து நான் கையில எடுத்த நாள்லேருந்து தெரியும். இங்க ஒரு குழி. குழி நடுவுல அரிசி கணக்கா ஒரு மேடு. என் கட்டவெரலு குந்தறதுக்குன்னே சாமி வச்ச எடம்ங்க." துண்டு நனைந்துகொண்டிருந்தது.

ஏட்டு காகிதத்தை நீட்டினார். சடையன் மையைத் தொட்டு ரேகை வைத்தார்.

"படிச்சவன் நீ. பாத்துட்டு, இதுதான் அசல்னு எழுதிக் கையெழுத்துப் போடு தம்பி" என்றார் ஏட்டு என்னிடம்.

ஒரு ஒழுங்குக்காகக் குதிரையைப் புரட்டிப் பார்த்தேன்.

பித்தளைக் குதிரையை முதலில் மெழுகில்தான் செய்வார்கள். மெழுகில் அழுந்திய விரல் பித்தளையிலும் அப்படியே நிற்கும். குழி இருந்தது. நடுவில் மேடு இருந்தது. உளி பட்டு நடுவில் பிளந்து ஆறிய கட்டைவிரல் அழுந்தினால்தான் அப்படி வரும்.

மற்றதையும் புரட்டினேன். அதன் வயிறு வழவழவென்று இருந்தது. எத்தனையோ தலைமுறைப் பூசாரிகள் புளி போட்டுத் தேய்த்தால் வரும் வழவழப்பு.

சாயபு அதை வாங்கிய வருஷம், இங்கே பூசாரியாக இருந்தவர் சடையனின் அப்பா.

சடையன் கண் கட்டோடு, குதிரைக்காக இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

குழி விழுந்ததை அவர் கையில் வைத்தேன். 'அசல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பெட்டி மூடும் சத்தம் கேட்டதும் ஊர் திரும்பிப் பார்த்தது. குப்பம்மா குலவையிட்டாள்.

"அப்போ நம்மளுதுதான் டூப்ளிகேட்டா?" சனாவுல்லா சாயபு சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. குதிரைச் சாமியைக் கைக்குட்டையில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

அந்தக் கட்டைவிரலை எனக்குத் தெரியும். இன்று காலைகூட அது என் காதைத் திருகியது.