நடக்காத பாதை

திரையில் சிவப்பாக ஒரே ஒரு வரி வந்து நின்றது. பிரஸ் மெஷினுக்குள் கை இருக்கும்போதே அச்சு கீழே இறங்க ஒரு வழி இருக்கிறதாம்.

ரோஜா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

கும்மிடிப்பூண்டி ஷெட்டுகளில் பல வருடமாக ஓடும் பிரஸ் இது. அதன் புரோகிராமை இத்தனை நாளும் தோன்றிய மதிப்புகளைக் கொடுத்துத்தான் சோதித்தார்கள். எப்போதும் பாஸ். ரோஜா எந்த மதிப்பையும் கொடுக்காமல் 'ஏதோ ஒன்று' என்று விட்டுவிட்டாள். அப்படி விட்டால், சோதிக்கும் கருவி புரோகிராமின் கிளைப் பாதை ஒவ்வொன்றிலும் தானே போய்ப் பார்க்கும். எங்காவது வில்லங்கம் தென்பட்டால், அங்கே போய்ச் சேர என்ன நடந்திருக்க வேண்டும் என்றும் சொல்லிவிடும். மனுஷனுக்கு இருக்கிற அலட்சியம் அதற்குக் கிடையாது.

அது சொன்னது இதுதான். மெஷினை ஆன் செய்யும்போதே, கையைக் கவனிக்கும் சென்சாரின் கண் மறைந்திருக்க வேண்டும். யாரோ அதைத் துடைக்கிறார்கள் என்று புரோகிராம் நினைத்துக்கொள்ளும். அதன் பிறகு, மெஷினை நிறுத்தும்வரை உள்ளே கை இருக்கிறதா என்று பார்க்கவே பார்க்காது.

டீம் லீடர் ரகு எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"சென்சார மூடிகினு எவன் ரோஜா மெஷின ஆன் பண்ணுவான்? நடக்காதுன்னு போட்டு க்ளோஸ் பண்ணு. சாயங்காலம் புரோகிராம எல்லாக் கம்பெனிக்கும் அனுப்பணும்."

'நடக்காது' என்று அடித்தாள். விரல் என்டர் மேலேயே நின்றுவிட்டது.

கண்ணாடிக்கு அப்பால், கீழே மெஷின்கள் ஓடும் ஷாப்பில் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். நாளை ஆயுத பூஜை. ஒருவர் கிண்ணத்தோடு மெஷின் மெஷினாகப் போய்ச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். மெஷினுக்கும் முகம் என்று ஓர் இடம் பார்த்துத்தானே பொட்டு வைப்பார்கள்? பிரஸ்ஸில் அவருக்கு முகமாகத் தெரிந்தது, சென்சாரின் பளபளப்பான கண்.

ரோஜா வீட்டிலிருக்கும் அப்பாவுக்குப் போன் போட்டு, அவருக்குக் கை போன வருடம் பிரஸ்ஸுக்குப் பொட்டு வைத்தது யார் என்று கேட்டாள்.

"நான்தாம்மா, நல்லா அப்பி வெச்சேன். பூஜ முடிஞ்சி மொத ஷிப்ட்டுலயே கை பூட்ச்சி. லீவுல குடிச்சிட்டு வந்து கைய வுட்டுக்கினான்னு சொல்லி அனுப்பிட்டானுங்க. இப்போ இன்னாத்துக்கு நைனாவ அத்தக் கேக்குற?"

அவளுக்கு அழுகைதான் வந்தது.

'நடக்காது' என்பதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். 'நடந்திருக்கிறது' என்று அடித்தாள்.

ரிப்போர்ட்டில் யாருக்கு என்று கேட்டிருந்த இடத்தில் நைனாவின் பெயரைப் போட்டாள். திருமலை, பிரஸ் ஆபரேட்டர்.