சோப்பு விளம்பர மெட்டு

"யாரை நினைச்சுப் போட்ட மெட்டு இது?" கீபோர்டின் ஒயரைப் பிடுங்கினாள் மனைவி.

"சோப்பு விளம்பரத்துக்கும்மா," என்றார் இசையமைப்பாளர்.

"இத்தனை வருஷம் உங்களோட குப்பை கொட்டியிருக்கேன். சோப்புக்கா இப்படி உருகறீங்க? மனசு பூரா அவதான்!"

"இதுல ஒரு வார்த்தைகூட இல்லையே! நீயா அர்த்தம் கற்பிக்காதே."

"வார்த்தையா இருந்தா பொய் சொல்லியிருப்பீங்க. வேகத்தைக் கூட்டிட்டா எனக்குத் தெரியாதா? நம்ம பொண்ணைத் தோள்ல போட்டுத் தூங்க வைக்க நீங்க முணுமுணுத்த மெட்டு!"

அவர் தலைகுனிந்தார்.

"காதலிச்சவனைக் கட்டிக்கிட்டான்னு அவளைத் துரத்தினீங்க. பேரைக்கூடச் சொல்லக் கூடாதுன்னீங்க. இப்ப டி.வி.யில இதைக் கேட்டு அவளே வந்துடுவான்னு பார்க்கறீங்களா?"

"வருவா... அவளுக்குப் புரியும்."

"புரியும். அழுவா. ஆனா வரமாட்டா!" அலைபேசியில் மகளை அழைத்து அவர் கையில் திணித்தாள். "'போ'ன்னு வாயாலதானே சொன்னீங்க? 'வா'ன்னும் வாயால சொல்லுங்க!"