திருத்திச் சொன்ன குரல்

நீடாமங்கலத்தில் நர்ஸாக இருந்த செந்தாமரை, ஜெர்மனியில் வேலைக்குப் போவதற்காக அந்நாட்டு மொழியை ஃபோனில் படித்துக்கொண்டிருந்தாள். ஃபோன் திரையில் ஓர் அட்டை வரும். அதிலிருக்கும் ஜெர்மன் சொல்லை ஒரு பெண் குரல் உச்சரிக்கும். தொட்டால் அட்டை திரும்பித் தமிழ் அர்த்தம் காட்டும்.

அவள் படிக்கும்போது ஓர் ஆண் குரலும் கேட்பதை வாசலில் இருந்த கணவன் பரிதி கவனித்தான். அவள் தப்பாகச் சொன்னால் அது திருத்தும். அவன் உள்ளே போனால் நின்றுவிடும். ஏற்கெனவே அவள் வெளிநாடு போவது அவனுக்குப் பிடிக்கவில்லை. இப்போது சந்தேகமும் சேர்ந்துகொண்டது.

ஒரு நாள் காலையில் அவளுக்குத் தெரியாமல் ஃபோனை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனான். வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் துழாவினான். தப்பாக ஒன்றுமே இல்லை. வெட்கத்தோடு மதியம் வீடு திரும்பியபோது, வாசலிலேயே அந்த ஆண் குரல் கேட்டது. செந்தாமரை திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பரிதி கதவைத் தள்ளினான். கூடத்தில் அவள் மட்டும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"யாருகூட பேசிக்கிட்டிருக்க?"

அவள் அவனையும் அவன் கையிலிருந்த ஃபோனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்ககூடதான். தினம் அடுப்படியிலேர்ந்து நீங்கதானே திருத்துவீங்க? அப்புறம் கொல்லை வழியா சுத்தி வாசப்பக்கமா வருவீங்க. இன்னிக்கு ஃபோன் காணோம்னதும் நீங்களே சொல்லிக்குடுத்தீங்க. எனக்காக நீங்களும் படிக்கிறீங்கன்னு நான்..."

அடுப்படியிலிருந்து அடுத்த சொல் வந்தது. பழக்கத்தில் அவள் வாய் அதைத் திருப்பிச் சொன்னது. உச்சரிப்பு பிசகியது.

குரல் மறுபடியும், கொஞ்சம் மெதுவாகச் சொன்னது.