ஏணியில் புது ஆள்

கீழே பட்டறையில் ஏணி ஏறுகிறவன் மச்சான் இல்லை. மாடியில் படுத்திருந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு அது சத்தத்திலேயே தெரிந்தது. மச்சான் ஏறினால் பூனை ஏறுகிற மாதிரி இருக்கும். இவன் ஒரு கம்பியில் மெதுவாகவும், அடுத்த கம்பியில் தொம்மென்றும் காலை வைக்கிறான். கத்துக்குட்டி.

"கீழ யாரு?"

"எனக்கென்ன தெரியும்? தம்பியைக் கேளுங்க," என்றாள் மனைவி. மடித்த துணியையே மறுபடி மடித்தாள். "மாத்திரை போட்டா தூங்க வேண்டியதுதானே. காதை மட்டும் முழிக்க விட்டுட்டுப் படுப்பீங்களோ?"

லிஃப்ட் பள்ளத்தில் விழுந்து அவனுடைய இடது கணுக்கால் நொறுங்கியிருந்தது. எலும்பு கூடிவிட்டது, மூட்டு தேறவில்லை. காலை ஊன்றினால் உயிர் போகிற வலி.

"மூட்டை அசையாம ஒட்ட வச்சிடலாம். வலி போயிடும். ஆனா பாதம் மடங்காது," என்றார் டாக்டர். மடங்காத கால் எப்படி இருக்கும் என்று பழகிப் பார்க்க, விறைப்பான பூட்ஸ் ஒன்றையும் கொடுத்தனுப்பினார்.

"கட்டைக் காலை வச்சுக்கிட்டு எவன் ஏணி ஏறுவான்?" வீட்டுக்கு வந்ததும் அதை மாடிப்படியில் விட்டெறிந்தான். எங்கே போய் விழுந்ததென்று பிறகு கேட்கவும் இல்லை. ஏணி ஏற முடியாதென்றால் ஆபரேஷனும் வேண்டாம், வலியோடு கிடந்துவிட்டுப் போகிறேன் என்றான். டாக்டர் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார்.

மதியம் மச்சான் சாப்பிட வந்தான். மனைவியின் தம்பி, தொழிலில் கூட்டாளி. முழங்கையில் புதுச் சிராய்ப்பு.

"என்னடா அது?"

"ஏணில வழுக்கிட்டேன் மாமா."

"நீயா? வழுக்கினியா?"

"எனக்கும் வயசாகுதுல்ல."

"பட்டறையில யாருடா ஏறிப் பழகறான்?"

"யாருமில்லையே. காத்துல ஏணி ஆடியிருக்கும்."

"காத்து கம்பி கம்பியா ஏறுமாடா?"

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை அவனுக்குப் போதும். இரண்டு பேரும் சேர்ந்து அவன் இடத்துக்கு ஆள் வைத்தாயிற்று. இனி அவனுக்குக் கட்டிலும் மாத்திரையும்தான்.

மறுநாள் மனைவி கடைக்குக் கிளம்பியதும் சத்தம் ஆரம்பித்தது. மெதுவாக ஒன்று, தொம்மென்று ஒன்று.

அவன் மாடிப்படியில் உட்கார்ந்தான். குழந்தை மாதிரி ஒவ்வொரு படியாகச் சறுக்கி இறங்கினான். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, பட்டறைக் கதவைத் தள்ளினான்.

"எங்கடா அந்தப் புது ஆளு? மூஞ்சியக் காட்டச் சொல்லு!"

உள்ளே புது ஆள் யாரும் இல்லை. ஏணி உச்சியில் மச்சான் மட்டும், தோளில் கருவிப் பையோடு, வேர்த்துக் கொட்ட நின்றான். அவன் இடது காலில் அந்த பூட்ஸ்.

"ஏறிடலாம் மாமா. இறங்கறப்பதான் கொஞ்சம் பக்கவாட்டுல திரும்பணும்."