மூலக்குளம் வளைவு

இறக்கையின்மேல் படிந்திருந்த புழுதியைத் தோள்துண்டால் பதமாகத் துடைத்தான் தணிகாசலம். பார்த்தவர்கள், அந்தப் பந்தயக் காரின்மேல் அவனுக்கு எவ்வளவு பாசம் என்று நினைத்திருப்பார்கள். பார்க்கத்தான் யாரும் இல்லை. குருசுக்குப்பத்து ஷெட் மொத்தமும் சாப்பாட்டுக்குப் போயிருந்தது.

காரைச் செய்தவன் கன்னியப்பன். பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்துவிட்டு வந்தவன். வளைவில் வண்டி வழுக்குகிறதே என்று முதலாளி முசியே அந்துவான் அலுத்துக்கொண்டபோது அவன்தான் யோசனை சொன்னான்.

"ஏரோப்ளேன் எறக்க மேல தூக்குதுல்ல? அதயே கவுத்து வச்சா, காத்து வண்டியக் கீழ அமுக்காதா, முசியே?"

அன்றிலிருந்து முதலாளி வாயில் அவன் பேச்சுதான். இத்தனை வருஷம் அவருக்காகப் பந்தயம் ஓட்டிக் கோப்பை வாங்கித் தந்த தணிகாசலம் யார் ஞாபகத்திலும் இல்லை. வீட்டில் அவன் மனைவி ஆதிலட்சுமிகூட, "அந்தக் கன்னியப்பனுக்கு என்னா மூளைங்கிற!" என்றபடியே சோறு போட்டாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

சாயங்காலம் வில்லியனூர் ரோட்டில் வெள்ளோட்டம். செய்தவனே ஓட்டுவான் என்று ஷெட்டில் பேச்சு. தணிகாசலத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஸ்பேனரோடு சீட்டில் ஏறி உட்கார்ந்தான். நெட்டையனான அவனுக்கே கால் தாராளமாக நீண்டது. 'அந்தக் குள்ளன் கன்னியப்பனுக்கு எதுக்கு இவ்வளவு இடம்?' என்று எரிச்சல் வந்தது.

தலைக்குப் பின்னால் கையை நீட்டி, இறக்கையைப் பிடித்திருந்த நட்டுகளைத் தளர்த்தினான். கீழே சாய்ந்திருந்த இறக்கையின் முன்விளிம்பை மேலே தூக்கிவிட்டு, மறுபடி இறுக்கினான். இனி வேகம் பிடித்தால் காற்று அடியில் புகுந்து வண்டியைத் தூக்கும். கன்னியப்பன் சாகவேண்டாம். மூலக்குளம் வளைவில் வண்டி வயலில் இறங்கி, ஊர் சிரித்தால் போதும்.

சாயங்காலம் ரோட்டோரம் நல்ல கூட்டம். தணிகாசலம் கூட்டத்தோடு கூட்டமாகக் கைகட்டி நின்றான். ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு குளுகுளுவென்று இருந்தது.

கன்னியப்பன் என்ஜினைக் கிளப்பி உறுமவிட்டான். பிறகு தோல் தொப்பியையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு நேராக அவனிடம் வந்தான்.

"என்னாண்ணே, இங்க வந்து நின்னுட்டீங்க?"

"ஒன் வண்டி. நீ ஓட்டறதப் பாக்கலாம்னு வந்தேன்."

"நானா? எனக்கு ஸ்பேனர் புடிக்கத்தாண்ணே தெரியும்!" கன்னியப்பன் சிரித்தான். அப்புறம் குரல் தணிந்தது. "போன பந்தயத்துல வண்டி வழுக்கி உங்களத் தூக்கி எறிஞ்சதப் பாத்தேன்ல, அன்னிக்கி ராத்திரி தூக்கமே வரல. அதுக்கப்பறம்தான் இந்த எறக்கயவே யோசிச்சேன். வெள்ளோட்டத்தன்னிக்கிச் சொல்லிக்கலாம்னு முசியேதான் என் வாய அடச்சு வச்சிருந்தாரு."

தணிகாசலத்தின் பார்வை இறக்கையின் முன்விளிம்புக்குப் போனது.

"அலே! அலே!" என்று கிளம்பச் சொல்லி முசியே அந்துவான் கைதட்டினார். கூட்டமும் சேர்ந்து தட்டியது. கன்னியப்பன் எம்பி நின்று, தொப்பியை அவன் தலையில் மாட்டி, வாரை இழுத்துக் கட்டினான்.

"ஏறுங்கண்ணே, ஓட்டப்போறது நீங்கதான்."